நூறு கடிதம், இரண்டு ஆர்டர்

1960களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிரின்ஸ்டன் ஊரில், அப்ளைடு டேட்டா ரிசர்ச் என்ற சிறிய நிறுவனம் கூலிக்கு நிரல் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தது. கணினி தயாரித்துவந்த ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக அவர்கள் ஒரு மென்பொருளுக்குத் திட்டம் போட்டார்கள். எழுதிவைத்த நிரலைக் கொடுத்தால், அதன் ஓட்டப்படத்தைத் தானே வரைந்து அச்சடித்துத் தரும். ஆட்டோஃப்ளோ என்று பெயர். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஓட்டப்படம் வரைவது என்றால் அன்றைக்கும் கசப்பு. கடைசி நாள் வரை தள்ளிப்போடுவார்கள். ஆகவே நல்ல சரக்குத்தான். ஆனால் ஆர்.சி.ஏ. வேண்டாம் என்றுவிட்டது.

நிறுவனத்தில் இருந்த மார்ட்டின் கெட்ஸ் வேறு வழி பார்த்தார். ஆர்.சி.ஏ. 501 என்ற கணினியை வைத்திருந்தவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ நூறு பேர். நூறு பேருக்கும் கடிதம் போனது. விலை 2,400 டாலர். வாங்கியவர்கள் இரண்டு பேர்.

மென்பொருளைத் தனிச் சரக்காக விலைபோட்டு விற்கப் பார்த்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. இதுவே முதலாவது என்போரும் உண்டு. அந்த முதல் நாளிலேயே, ‘பொருள் தயார், யாரிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?’ என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. அறுபது வருடம் ஆகிறது. எழுந்து போகிற வழியாக இல்லை.

கடித விளம்பரம் செய்து பழகியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் சிரிக்கமாட்டார்கள். நூற்றுக்கு இரண்டு என்பது அந்தத் தொழிலில் கேவலமான விகிதம் இல்லை. கடிதத்தில் குற்றமில்லை, குளம்தான் சிறியது. கெட்ஸுக்கு இது புரிந்திருக்க வேண்டும். கடிதத்தைத் திருத்தி எழுதுவதில் அவர் நேரம் கடத்தவில்லை, மென்பொருளையே ஐ.பி.எம். 1401 கணினிக்காகத் திரும்ப எழுதவைத்தார். உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அது. அங்கே போனதும் இன்னொரு சுவர். ஐ.பி.எம். தன் கணினியோடு மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவந்தது. காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை மாதிரி. கறிவேப்பிலைக்குக் காசு கேட்டால் யார் தருவார்? கெட்ஸ் 1968ல் ஒரு மென்பொருள் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் அப்படி வழங்கப்பட்ட முதல் காப்புரிமை என்று அதைச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர் நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்கும் போட்டது. அமெரிக்க அரசின் வழக்கும் சேர்ந்து நெருக்க, 1969 ஜூன் 23 அன்று ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு விற்பனைப் பாதையைத் திறக்க நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது என்பதை, ‘எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்’ என்று கேட்டுவரும் இளைஞர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. அவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி. மளிகைக் கடை, ஹார்டுவேர் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்திருந்தார். தமிழில் பில் போடும், எடைத் தராசோடு பேசும், நெட் போனாலும் நிற்காது. போட்டுப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை. மடிக்கணினியைத் திருப்பி ஒரு எக்ஸெல் தாளைக் காட்டினார். “அண்ணா, லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேனுங்க. எதுல மொதல்ல பணம் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க.” கூகுள் விளம்பரம், இன்ஸ்டாகிராம், யூடியூப், உள்ளூர் கேபிள் டி.வி., கொடிசியா கண்காட்சியில் ஸ்டால், வாட்ஸ்அப் மெசேஜ், பஸ் பின்புற விளம்பரம் என்று பதினான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேராகச் செலவு, எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற மதிப்பீடு. அழகான தாள். பார்க்கப்போகிறவர் யார் என்பதற்கு மட்டும் அதில் கட்டமே இல்லை.

அவரை உட்காரவைத்துவிட்டுப் பழைய கதைகளுக்குப் போகிறேன். வயதானவன் செய்கிற வேலைதான்.

1979ல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் இருவரும் சேர்ந்து செய்த விசிகால்க் வந்தது. எக்ஸெல்லுக்குப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். விலை 100 டாலர் வாக்கில். ‘பைட்’ பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ கணினிக் கண்காட்சியில் காட்டினார்கள். பார்த்த பொழுதுபோக்குக் கணினிக்காரர்கள் பலர், ‘சரி, அதனால் என்ன?’ என்று நகர்ந்துபோனார்கள். நிரல் எழுதத் தெரிந்தவனுக்குக் கட்டம் போட்ட தாளில் என்ன ஆச்சரியம்? கணக்கு எழுதுகிறவர்கள் பார்த்தபோதுதான் கதை மாறியது. வட்டி விகிதத்தை ஒரு கட்டத்தில் மாற்றினால் கீழே முப்பது கட்டமும் தாமாக மாறுவதை, வாழ்நாள் முழுக்க அழித்து எழுதிய கை ஒன்று பார்க்கும்போது வருகிற உணர்ச்சி வேறு.

மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனத்தில் மின்னணுத் துறையைக் கவனித்துவந்த பென் ரோசன், தன் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் செய்திமடலில் விசிகால்க்கைப் பற்றி எழுதினார். சின்ன மடல்தான். அதைப் படித்தவர்கள் பணத்தோடு புழங்குகிறவர்கள், கணக்குத் தாளோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அதற்குமேல் ரோசன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியவர்கள். அந்த மூன்றாவது குணத்தை எந்த விளம்பரமும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

கடைக்காரர் பக்கமும் உண்டு. விசிகால்க் முதலில் ஆப்பிள் II கணினியில் மட்டுமே ஓடியது. நூறு டாலர் மென்பொருளைக் காட்டி ஒருவரை மயக்கினால், இரண்டாயிரம் டாலருக்கு மேல் பெறும் இயந்திரமும் சேர்ந்து விலைபோகும். ‘விசிகால்க் வேண்டும்’ என்று கடைக்குள் வந்து, அது ஓடுவதற்காக ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஏராளம். அதனால் கடைக்காரர் அதைத் தானாகவே முன்மேசையில் போட்டு ஓட்டிக் காட்டினார். விசிகால்க்காரர்கள் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவருடைய லாபம் இவர்களுடைய மென்பொருளுக்குள் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

விலையும் வழியும் ஒட்டிப்பிறந்தவை என்பதற்கு எனக்குப் பிடித்த கதை 1983ல் நடந்தது. பிலிப் கான் என்ற பிரெஞ்சுக்காரர் கலிபோர்னியாவில் போர்லேண்ட் என்ற கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். கையில், நிரல் எழுதுகிறவர்களுக்கான டர்போ பாஸ்கல் என்ற மென்பொருள். எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். அந்த வகைச் சரக்கை மற்றவர்கள் சில நூறு டாலருக்கு விற்றார்கள். கான் 49.95 டாலர் என்று வைத்தார். அந்த விலையில் டீலருக்குப் பங்கு கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. டீலரும் அதைக் கண்டுகொள்ளமாட்டார். ஆகவே அஞ்சல் வழிதான். அஞ்சல் வழி என்றால் ‘பைட்’ பத்திரிகைதான். ஒரு இதழ் ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும் காலம் அது. நிரல் எழுதுகிறவர்கள் கட்டுரையைப் போலவே விளம்பரத்தையும் வரிவிடாமல் படிப்பார்கள். ஆனால் முழுப்பக்க விளம்பரத்துக்குக் கானிடம் காசில்லை.

‘பைட்’ விளம்பரப் பிரதிநிதி அலுவலகத்துக்கு வருகிற நாளில் கான் ஒரு நாடகம் போட்டாராம். ஆட்களை வாடகைக்குப் பிடித்து நாற்காலிகளில் உட்காரவைத்தார். தொலைபேசிகள் விடாமல் அடித்துக்கொண்டிருக்க ஏற்பாடு. மேசையருகே, எந்தெந்தப் பத்திரிகையில் விளம்பரம் போடப்போகிறோம் என்ற பட்டியல், அதில் ‘பைட்’ பெயர் மட்டும் குறுக்கே அடிக்கப்பட்டு, வந்தவர் கண்ணில் படுகிற மாதிரி. ‘உங்கள் வாசகர்கள் எங்களுக்கு ஒத்துவரமாட்டார்கள் என்று நினைத்தோம்’ என்று இவர் இழுக்க, வந்தவர் கெஞ்சிக் கூத்தாடிக் கடனுக்கு இடம் கொடுத்துவிட்டுப் போனார். கானே பிற்பாடு பேட்டியில் சொன்ன கதை; கொஞ்சம் மசாலா தூவியிருக்கலாம். போட்ட விளம்பரத்துக்கு 20,000 டாலர். வந்த ஆர்டர் 1,50,000 டாலர் என்றார்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் நாடகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் கவனிப்பது 49.95ஐ. அந்த விலை வைத்தபோதே கடைகளை விட்டுவிட்டார். கடைகளை விட்டபோதே பத்திரிகையைத் தேர்ந்துவிட்டார். பத்திரிகைக்கு வந்தபிறகு அரைப் பக்கத்தில் விளங்காத பொருளாக அது இருக்கக்கூடாது. ஒரே முடிவு, வேறுவேறு பெயர்களில். இதே சமயத்தில் இன்னொரு நிறுவனம் ஜே.ஆர்.டி. பாஸ்கல் என்று 29.95 டாலருக்கு, அதே மாதிரி அஞ்சல் வழியில் விற்று மண்ணைக் கவ்வியது. பிழைகள் மலிந்த சரக்கு. நல்ல பாதை கிடைத்தால் கெட்ட சரக்கின் பெயரும் வேகமாகத்தான் பரவும்.

வாங்கியவரையே விற்பனையாளராக்கிய கதையும் உண்டு. பாப் வாலஸ் என்பவர் மைக்ரோசாஃப்ட்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவர். வேலையை விட்டு வெளியே வந்து பி.சி.-ரைட் என்று எழுத்துச் செயலி ஒன்றை எழுதினார். அந்த நாளில் மென்பொருள்காரர்கள் எல்லோரும் திருட்டு நகலை எப்படித் தடுப்பது என்று தூக்கமின்றித் தவித்துக்கொண்டிருந்தார்கள். வாலஸ் தலைகீழாக யோசித்தார். பத்து டாலருக்கு வட்டு. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுங்கள். பிடித்தால் 75 டாலர் கட்டிப் பதிவு செய்யுங்கள். அச்சிட்ட கையேடு வரும், தொலைபேசியில் உதவி கிடைக்கும், உங்களுக்கென்று ஒரு எண் பொறித்த பிரதி வரும். அந்தப் பிரதியை நண்பருக்குக் கொடுத்து அவர் பணம் கட்டினால், உங்களுக்கு 25 டாலர் தபாலில் வந்து சேரும்.

இன்றைக்கு ‘ரெஃபர் செய்து சம்பாதியுங்கள்’ என்று எந்தப் பணப்பரிமாற்ற ஆப்பைத் திறந்தாலும் வந்து நிற்கிறதே, அதன் மூதாதை இந்த 25 டாலர். கணினியை இரண்டாம் கைப் பிளாப்பிகளின் வழியே கற்ற என் தலைமுறைக்கு இது உறைக்கும். நகலெடுத்துக் கொடுக்கிற நண்பன் இல்லாமல் நம்மில் யார் எதைக் கற்றோம்? அவனுக்கு அன்று யாரும் 25 டாலர் தரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம்.

எந்தப் பாதையும் முதலில் நடக்கிறவனுக்குப் புல் மெத்தையாக இருக்கும். கூட்டம் கூடியபின் புழுதி. 1993ல் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்புக்கு வந்த ஜான் பிராண்ட் என்ற பெண்மணி, இணையத் தொடர்புக்கான மென்பொருளை வட்டில் போட்டு வீடுவீடாகத் தபாலில் அனுப்பினார். பத்தில் ஒருவர் சேர்ந்தார்கள் என்று கணக்கு. கெட்ஸின் இரண்டு எங்கே, இது எங்கே! அப்போது சுமார் 2 லட்சம் சந்தாதாரர்கள். 2000க்குள் இரண்டு கோடியைத் தாண்டினார்கள். ஒரு கட்டத்தில் உலகில் தயாராகும் சி.டி.க்களில் பாதி தங்களுடையது என்று பிராண்ட் சொல்லியிருக்கிறார். தானியப் பெட்டிக்குள் சி.டி., பத்திரிகைக்குள் சி.டி. கடைசியில் அமெரிக்கர்கள் அதைக் காபிக் கோப்பைக்கு அடித்தட்டாகப் போட்டார்கள். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் முதல் பட்டை விளம்பரங்கள் வந்தபோது, ஏ.டி.&டி. விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் சொடுக்கினார்களாம். இப்போது நூறில் ஒருவர் சொடுக்கினாலே விளம்பரக்காரர் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்.

விண்டோஸ் 95 வெளியீட்டையும் சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1995 ஆகஸ்ட் 24, நள்ளிரவுக் கடை வாசல் வரிசை, லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் அன்றைய பிரதிகள் மொத்தமும் மைக்ரோசாஃப்ட் செலவில் இலவசம். அது திருவிழா. நமக்குத் திருவிழாவில் வேடிக்கை பார்க்கத்தான் இடம்.

ஒரு கணினியில் வைத்த கோப்பை இன்னொன்றிலும் கிடைக்கச்செய்யும் டிராப்பாக்ஸ் சேவையின் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அதில் தோல்வியின் கணக்கு எண்ணோடு கிடைக்கிறது. 2008ல் அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் வெளியீட்டுக்கு முன்பே ஒரு சின்ன வீடியோ எடுத்தார். டிக் என்ற தளத்தில் கூடிக்கிடந்த தொழில்நுட்பப் பித்தர்களுக்கு மட்டும் புரிகிற குசும்புகளைக் காட்சிக்குக் காட்சி ஒளித்துவைத்திருந்தார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000 பேரிலிருந்து 75,000 பேராக ஏறியது. பிறகு எல்லோரும் செய்கிறார்களே என்று கூகுள் தேடல் விளம்பரத்தில் இறங்கினார்கள். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவு. அவர் கட்டும் சந்தா ஆண்டுக்கு 99 டாலர்.

விளம்பரம் எழுதியவர் திறமையற்றவர் என்பதல்ல இதற்குக் காரணம். கூகுளில் தேடுகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பல் வலித்தால் பல் டாக்டரைத் தேடுவோம். ஒரு கோப்பை வீட்டுக் கணினியில் வைத்தால் ஆபீஸ் கணினியிலும் தானாக வந்து நிற்கும் என்று கேள்வியே படாதவர் எந்தச் சொல்லைத் தட்டுவார்? தெரிந்து தேடியவர்களோ சிலர். அவர்களுக்காகப் பல கம்பெனிகள் ஏலம் கேட்டன. அதனால் விலை ஏறியது. தேடல் விளம்பரம் ஏற்கெனவே இருக்கும் தாகத்தை அறுவடை செய்யும் கருவி. தாகம் உண்டாக்க அதற்குத் தெரியாது.

அவர்கள் திரும்பிப் போன இடம் வாலஸின் இடம்தான். நண்பரைக் கூப்பிட்டு வா, உனக்கும் இலவச இடம், அவருக்கும் இலவச இடம். பணமாக இல்லாமல் பொருளாகவே கூலி. 2008 செப்டம்பரில் ஒரு லட்சம் பேர். 2010 ஜனவரியில் 40 லட்சம். இதற்கு முன்பே, 1996ல், சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயிலில், அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் காலடியிலும் ‘நீங்களும் இலவசமாகக் கணக்கு தொடங்கலாம்’ என்று ஒரு வரி ஓடியது. ஒன்றரை ஆண்டில் கோடிக்கு மேல் ஆள். விளம்பரச் செலவு ஐந்து லட்சம் டாலருக்குள். இந்தியாவில் ஒரு பைசா செலவழிக்காமலே இங்கே பெரிய மின்னஞ்சல் சேவையாகிவிட்டது. பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதிய பெற்றோர்களும் தெரியாமலே அந்தச் செய்தியைச் சுமந்து போன தபால்காரர்கள்.

இனி நம் பக்கம்.

பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986ல் தொடங்கிய அந்த வேலை டேலியாக வளர்ந்தது. தென்னிந்தியச் சிறுநகரங்களில் அது எப்படிப் பரவியது என்பதற்குப் புத்தகம் தேவையில்லை. நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஜவுளிக் கடை முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசி. ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் மஞ்சள் பையில் பேரேடு. “சார், இந்த கம்ப்யூட்டர் கணக்குன்னு சொல்றாங்களே, எதை வாங்கட்டும்?” ஆடிட்டர் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: “டேலியே போட்ருங்க. நம்ம ஆபீஸ்லயும் அதான். ஃபைலை அப்படியே கொண்டாந்து குடுத்துடலாம்.” பேரம் முடிந்தது. விற்பனையாளர் இல்லை, டெமோ இல்லை, துண்டறிக்கை இல்லை. ஆடிட்டருக்கு இதில் கமிஷன்கூடத் தேவைப்படவில்லை. பத்து வாடிக்கையாளரும் ஒரே மென்பொருளில் கணக்கு எழுதினால் மார்ச் மாதத்தில் அவருக்குத் தூக்கம் மிச்சம்.

அடுத்து, கணக்கு எழுத ஆள் வேண்டுமே. தட்டச்சுப் பள்ளிகள் இருந்த மாடிகளில் கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்தன, பி.காம். முடித்த பெண்களும் பையன்களும் மூன்று மாத டேலி கோர்ஸ் சேர்ந்தார்கள். செய்தித்தாளின் வரி விளம்பரத்தில் ‘டேலி தெரிந்த கணக்காளர் தேவை’. ஆடிட்டர் அதைச் சொன்னதால் கடை அதை வாங்கியது. கடையில் அது இருந்ததால் வேலைக்கு அது தெரிய வேண்டும். வேலைக்கு வந்தவருக்கு அது மட்டுமே தெரியும் என்பதால் அடுத்த கடையும் அதையே வாங்கியது. இந்தச் செக்குமாட்டுச் சுற்றை உடைக்க, அதைவிட நல்ல மென்பொருள்கள் பல வந்து தோற்றதைப் பார்த்திருக்கிறேன். நல்லது என்பதை யாருக்கு நிரூபிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதலாளிக்கு நிரூபித்தார்கள். முடிவெடுத்தவர் ஆடிட்டர்.

சென்னையின் கதை இதற்கு எதிர்த்திசை. 2010ல் கிரீஷ் மாத்ருபூதம், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க உதவும் ஜென்டெஸ்க் என்ற மென்பொருளின் விலை ஏற்றப்பட்டதால் அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொதித்துக்கொண்டிருந்ததைப் படித்தார். அங்கே கிடைத்த பொறிதான் ஃப்ரெஷ்டெஸ்க் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சந்தையை ஆராய லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் உண்டு. இங்கே கோபப்பட்ட வாடிக்கையாளர்கள் தாமாக முன்வந்து, என்ன வேண்டும், எவ்வளவு தருவோம் என்பதை எழுதிவைத்திருந்தார்கள். 2011ல் வெளிவந்தபோது முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்வி நிறுவனம். சென்னையிலிருந்து யாரும் அங்கே விமானம் ஏறிப் போகவில்லை. அவர்களே தேடி வந்தார்கள், இலவசமாகப் போட்டுப் பார்த்தார்கள், அட்டையில் பணம் கட்டினார்கள். மாதத்துக்குச் சில டாலர் என்ற விலையும், ஆள் அனுப்பாத வழியும் இங்கேயும் ஒட்டிப்பிறந்தவையே. 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது.

அதற்கு முன்பே ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோவும் இதே இணையப் பாதையில் நடந்துவந்தது. சென்னையில் இத்தனை கம்பெனிகள் முளைத்ததற்குப் பொறியியல் கல்லூரிகளைக் காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிக் காரணம்தான். வாங்குகிறவன் முகம் பார்க்காமல் வாங்கத் தயாரான நாளில்தான் நம்மவர்களுக்குக் கதவு திறந்தது. அதுவரை மென்பொருள் எழுதுகிறவர்கள் இங்கே, கோட்டு போட்டு விற்கிறவர்கள் அங்கே.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி, ஆராய்ச்சி முன்னோட்டம் என்ற அடக்கமான பெயரில் வெளியாகி ஐந்து நாளில் பத்து லட்சம் பேரைத் தொட்டதைக் காட்டி, ‘பொருள் நன்றாக இருந்தால் விளம்பரமே வேண்டாம்’ என்று வாதிடுகிறவர்களைச் சந்திக்கிறேன். விண்டோஸ் 95க்குச் சொன்ன பதில்தான். பெருமழைக்கு வாய்க்கால் வெட்டவேண்டியதில்லை. நாம் கிணற்றுத் தண்ணீர்க்காரர்கள். எந்தப் பாத்திக்குத் திருப்புவது என்று மண்வெட்டியோடு நிற்கவேண்டியவர்கள்.

அந்தத் தம்பி இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு காபி ஆகியிருந்தது. “இதுவரைக்கும் எத்தனை கடைல ஓடுது?” என்றேன்.

“ஏழு கடைங்கண்ணா.”

“அந்த ஏழு பேரும் எப்படி வந்தாங்க?”

மூன்று பேர் சொந்தக்காரர்கள். ஒருவர் அப்பாவோடு படித்தவர். மிச்சம் மூன்று பேர் எப்படி வந்தார்கள் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அங்கேயே போன் போட்டுக் கேட்டார். முதல் இரண்டு கடைக்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பில் மெஷினுக்கு பேப்பர் ரோல் போடுகிறவர் சொன்னாராம்.

தெர்மல் பேப்பர் ரோல். பில் அடிக்கிற ஒவ்வொரு கடைக்கும் மாதம் இரண்டு தடவையாவது அது தேவை. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் பின்னால் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவர் எந்தக் கடையில் மெஷின் மக்கர் பண்ணுகிறது, எந்த முதலாளி பழைய சாஃப்ட்வேர்க்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார், யார் அடுத்த தெருவில் இரண்டாவது கடை திறக்கிறார் எல்லாம் அறிவார். பிரிண்டர் சிக்கிக்கொண்டால் திறந்து எடுத்துக் கொடுப்பதும் அவரே. கல்லாவுக்கு இந்தப்பக்கம் வந்து நிற்க அனுமதியுள்ள ஒரே வெளியாள். எக்ஸெல் தாளின் பதினான்கு வரிசையிலும் அவர் இல்லை.

தம்பி தாளை மூடிவைத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. ரோல்காரரைக் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் பிடித்துவிட்டார். உக்கடத்திலிருந்து சரவணம்பட்டி வரை தொண்ணூறு கடை அவர் கையில். சாஃப்ட்வேர் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே தானாகத்தான் இரண்டு பேருக்குச் சொன்னார். ஆனால் இப்போது நேரில் உட்கார்ந்து பேசியதும், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்விக்குத் தம்பிக்குப் பதில் தெரியவில்லை.

“என்னங்க கேட்டாரு?”

“‘தம்பி, இதுல நமக்கு என்ன நிக்கும்?’னு கேட்டாருங்கண்ணா.”

சாஃப்ட்வேர் விலை என்ன என்று விசாரித்தேன். வருஷத்துக்கு ஆறாயிரம். பாப் வாலஸ் 75 டாலரில் 25ஐக் கொடுத்த கணக்கை இன்னொரு தடவை சொன்னேன். மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டாயிரம். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அவர் இன்னும் பேக்கரி வாசலில்தான் ரோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.